அரை மணித்தியாலத் தமிழ்

தபாற்கந்தோர் யன்னலுக்குள் நஜிமுதீன்,
கிண்ணியாவிலிருந்து பாதையில் வருகிறவர்,
காற்சட்டை மடிப்பில் இன்னும் காயாத ஈரம்.
"ரேடியோவோ, ரிவியோ, ரெண்டுமோ?"
"ரிவி" என்றேன்.
"முதல் ஒரு கணக்குப் பாப்பம்."

பின்னால் பென்சன்காரர் வரிசை நெளிந்தது.
நான் விடவில்லை.
"ஒரு நாளைக்கு எத்தின மணித்தியாலம் ஓடுது?
அதில தமிழ் எவ்வளவு?
செய்தி, பிறகு ஒரு பாட்டு,
பாட்டு முடிய முந்தி விளம்பரம்.
அந்தளவுக்கு மட்டும் காசை எடுங்கோ."
முத்திரையை மையில் ஒற்றியபடி சொன்னார்:
"தங்கச்சி, கட்டணம் பெட்டிக்கு.
பாஷைக்கில்ல."

பெட்டி.
பதினாலு அங்குலம், கறுப்பு வெள்ளை.
ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்கு மேல் இரவு வேலை பார்த்து
மத்திய வீதியில் தவணைக்கு எடுத்தது.
நிகழ்ச்சி தொடங்கும் நேரம்
நான் வெள்ளைத் தொப்பிக்குப் பின் குத்திக்கொண்டிருப்பேன்.
அன்ரெனாவைக் கோணேசர் பக்கம் திருப்பினால்
திரையில் மழை.
நிலாவெளிப் பக்கம் திருப்பினால் மணல்.
காற்று வாய்க்கும் சில மாலைகளில்
இந்தியா வரும், காசு கேளாமல்,
எனக்கு விளங்காத இந்தியில்.
அதை யாருக்குக் கட்டுவது என்று
நஜிமுதீனிடம் நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக் குணநாயகம் ஒருநாளும் கட்டியதில்லை.
பரிசோதகரின் ஜீப் உவர்மலை ஏறும் சத்தத்துக்கே
ரிவிமேல் சீலை, சீலைமேல் பிள்ளையார் படம்,
படத்துக்கு முன்னால் அவசரமாய் ஒரு விளக்கு.
பரிசோதகர் சப்பாத்தைக் கழற்றிக்
கும்பிட்டுவிட்டுப் போனாராம்.
"ஏழு வருசக் காசு பிள்ளை,
என்ர பொக்கற்றுக்க."

அவரோடு வாதாட என்னிடம் நியாயம் இருக்கவில்லை.
என் தெருவில் நடந்ததை
அந்தச் செய்தி ஒருநாளும் என் தெருவாய்ச் சொன்னதில்லை.
நான் இரவு கட்டுப்போட்ட பொடியனை
மறுநாள் ஓர் எண்ணிக்கைக்குள் வாசித்தார்கள்.
எண்ணிக்கையும் பிழை.
அதற்கும் சேர்த்துத்தான் கட்டினேன்.

ஏன் என்றால்
பயம் கொஞ்சம், அரசாங்க உத்தியோகம் கொஞ்சம்,
மிச்சம் எனக்கே பிடிபடாதது.
ஏசுவதற்கு ஓர் உரித்து வேண்டியிருந்ததோ என்னவோ.
காசு கொடுத்தவள் ஏசுவது வேறு,
ஓசியில் பார்க்கிறவர் ஏசுவது வேறு.

பிறகு ஓடினோம்.

திரும்பி வர அரைவாசிக் கூரை இருந்தது.
பெட்டி நின்ற மூலையில்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.
என்னைப் பார்த்தும் எழும்பவில்லை.

கச்சேரியில் நட்டஈட்டுப் படிவம்:
'இழந்த பொருட்கள். ஆதாரம் இணைக்கவும்.'
கைப்பைக்குள், தாதிப் பதிவுச் சான்றிதழின் மடிப்புக்குள்,
நாலு பற்றுச்சீட்டு.
என் பெயர், என் வீட்டிலக்கம்,
நஜிமுதீனின் முத்திரை சற்றே சரிந்து.
நான் அங்கே இருந்தேன் என்பதற்கு
அரசாங்கம் கையொப்பமிட்ட ஒரே கடதாசி.

எனக்குப் பின்னால் குணநாயகம்.
அவருடையது நிறப்பெட்டி, இருபத்தொரு அங்குலம்.
ஊரே பார்த்தது, பரிசோதகரைத் தவிர.
"நான் சாட்சி சொல்லுறன்" என்றேன்.
அதிகாரி தலைநிமிராமல் கேட்டார்,
"அப்ப லைசன்ஸ்?"
குணநாயகம் என்னைத்தான் பார்த்தார்,
நான் ஏதோ காட்டிக்கொடுத்ததுபோல.

காசு வந்தது.
பெட்டிக்கல்ல, பெட்டியின் நாலு கால்களுக்குப் போதும்.
தை மாதம் ஒரு கடிதமும் வந்தது.
நிலுவை, தண்டத்தோடு,
நாங்கள் அகதியாய்ப் பாய் விரித்த வருசத்துக்கு.

தபாற்கந்தோருக்குப் போனேன்.
நஜிமுதீன் மூதூருக்கு மாற்றமாம்.
கதிரையில் ஒரு புதுப் பொடியன்,
மை காயாத மீசை.
"தம்பி, கட்டணம் பெட்டிக்கு.
பெட்டி எங்கயெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

அவன் கடிதத்தை வாசித்தான்,
திருப்பி வாசித்தான்,
பேனையை மூடாமலே நிமிர்ந்தான்.

"வீட்டில ரேடியோ இருக்கோ, அக்கா?"